ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வரன் பாக்குறவங்களுக்கு: விசாரிப்புல இருந்து பதிவு வரைக்கும்

எங்க பக்கம் வரன் பாக்க ஆரம்பிச்சா பேச்சு எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரிதான் போகும். எத்தனை பவுன் போடுவீங்க, மாப்பிள்ளைக்கு சொந்தப் போட்டு (மீன்பிடிப் படகு) இருக்கா, வெளிநாட்டுல என்ன சம்பளம், ஜாதகத்துல எத்தனை பொருத்தம். இது நாலும் பேசி முடிச்சா பூ வச்சிருவாங்க. ஆனா தொண்டியில இருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுல, கட்டிக்கிட்டு வந்த பொண்ணு தனியா வீட்டைப் பாத்துக்கிற நாள்தான் அதிகம், வீட்டுக்காரர் ஒண்ணு கடல்ல இருப்பாரு, இல்லேன்னா சவுதி துபாய்னு இருப்பாரு. அதனால இந்தக் கரையில பொருத்தம்னா, ஆளு பக்கத்துல இல்லாத நாள்லயும் காசு வராத மாசத்துலயும் இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பி வீட்டை நடத்துவாங்களான்னு பாக்குறதுதான்னு நான் நினைக்கிறேன். மத்த பொருத்தமெல்லாம் அதுக்கு அப்பறம்.

எங்க அப்பா கடலுக்குப் போறவரு, அதனால தங்கச்சி கல்யாணத்துக்கும் அடுத்து சித்தி மகள் கல்யாணத்துக்கும் விசாரிப்பு, பேப்பர், பணம்னு அலைஞ்சது நான்தான். எதை முதல்ல செய்யணும் எதை அப்பறம் செய்யணும்னு யாரும் வரிசையா சொல்லல, போற இடத்துல எல்லாம் ஒவ்வொண்ணா கேட்டாங்க. நீங்க அப்படி அலையக் கூடாதுன்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. தரகர்கிட்ட போறதுக்கு முன்னாடி பேப்பரை எடுத்து வச்சுப் பாருங்க

பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிஞ்சிருக்கணும், இது எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டிக்கிறது பேருலயும் இனிஷியல்லயும்தான். டிசியில எம். பாத்திமான்னு இருக்கும், ஆதார்ல பாத்திமா பீவின்னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சேந்து வேற ஒரு ஆளு மாதிரி இருக்கும். உள்ளூர்ல இருக்குற வரைக்கும் இதனால ஒண்ணும் ஆகாது. கல்யாணப் பதிவு, விசா, பேங்க்னு போகும்போது ஒவ்வொரு கவுண்டர்லயும் திருப்பி அனுப்புவாங்க.

அதனால பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல பரப்பி வச்சு பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி மூணையும் எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. பத்தாவது மார்க் ஷீட்டை அடிப்படையா வச்சுக்கிட்டு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி மாத்துறது சுலபம். ஆதார்ல பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, பேரை ரெண்டு தடவை, அதனால அவசரப்பட்டு எதையாவது குடுத்துட்டு வராதீங்க. பிறப்புச் சான்றுல பிள்ளை பேரே ஏறாம வெறும் "ஆண்", "பெண்"ணுன்னு மட்டும் இருக்குற கேஸ் நம்ம பக்கம் நெறைய இருக்கு, அதை உடனே பதிவு பண்ணின ஊராட்சி இல்லேன்னா நகராட்சியில விசாரிச்சு பேரைச் சேக்கச் சொல்லுங்க, இதுக்கு நாள் எடுக்கும்.

மறுமணமா இருந்தா முதல் வாழ்க்கைத்துணையோட இறப்புச் சான்று வேணும், விவாகரத்துன்னா கோர்ட் தீர்ப்பு வேணும். ஊர்க் கூட்டத்துல தீத்து விட்டாச்சுன்னு எழுதி வாங்கின பத்திரத்தை மட்டும் நம்பி அடுத்த கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிராதீங்க, பதிவு ஆபீஸ்ல அது நிக்காது, பின்னாடி பிள்ளைகளுக்கும் அது சிக்கலாகும்.

2. உங்களுக்கு என்ன வேணும்னு வீட்டுல வாயைத் திறந்து சொல்லுங்க

படிப்பை முடிக்கணுமா, வேலைக்குப் போகணுமா, கடலுக்குப் போறவரு சம்மதமா, வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாமா, மாமன் மகனைக் கட்டிக்க இஷ்டம் இல்லையா, எதுவா இருந்தாலும் பொண்ணு பாக்க ஆளு வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். வந்து உக்காந்த பிறகு சொன்னா மானப் பிரச்சினை ஆயிரும், உங்க பேச்சு எடுபடாது. நேரா அப்பாகிட்ட சொல்ல பயமா இருந்தா அத்தை, சித்தி, மதினி யாராவது ஒருத்தரைப் பிடிங்க. இன்னும் ஒரு வருஷம் வேணும்னு கேக்குறது தப்பே இல்ல. மனசு தயாரா இல்லாத பிள்ளையை மண மேடையில ஏத்துறதுதான் தப்பு. மிரட்டிக் கட்டி வைக்கப் பாத்தாங்கன்னா பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். 18 முடியாத பிள்ளைன்னா 1098.

3. விசாரிக்கிறது: கை நனைக்கிறதுக்கு முன்னாடி

அந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டா சம்மதம்னு அர்த்தம் ஆயிரும், அதனால விசாரிப்பு எல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். சொந்தக்காரங்க சொல்றதை மட்டும் நம்பாதீங்க. கரையில விசாரிங்க, ஐஸ் கம்பெனியில விசாரிங்க, ஜமாத்துலயும் பங்குச் சாமியார்கிட்டயும் கேளுங்க, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேளுங்க. குடிப்பழக்கம் உண்டான்னு கேக்குறதுக்கு கூச்சமே படாதீங்க. "கடலுக்குப் போற ஆளு, அலுப்புக்குக் கொஞ்சம் குடிப்பான்"னு சொன்னா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, குடிச்சிட்டு வீட்டுல கை நீட்டுவானா, அதையும் கேட்டுருங்க.

கடல் தொழில் மாப்பிள்ளையா இருந்தா முதல் கேள்வி போட்டு யாரு பேருல இருக்குங்கிறது. "சொந்தப் போட்டு"ன்னு சொல்வாங்க, அண்ணன் தம்பி மூணு பேருக்கும் பங்கு இருக்கும், மேல லோன் இருக்கும், அதுக்கும் மேல வியாபாரிகிட்ட வாங்கின பணம் இருக்கும், அந்தக் கடன் தீர்ற வரைக்கும் பிடிக்கிற மீனை அவரு சொல்ற விலைக்குத்தான் குடுக்கணும். போட்டுல ஆளாப் போறவரா இருந்தா முதலாளிகிட்ட முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்காருன்னு கேளுங்க, ஏன்னா அதைக் கட்டி முடிக்காம வேற போட்டுக்கு மாற முடியாது. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அந்த ரெண்டு மாசம் அரசு குடுக்குற நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மீதியை எதை வச்சு ஓட்டுறாங்கன்னு கேட்டாலே அந்த வீட்டோட கணக்கு வழக்கு வெளிய வந்துரும். இலங்கைப் பக்கம் பிடிபட்டு போட்டு திரும்பி வராத வீடுகளும் இருக்கு. அது அவங்க குத்தம் இல்ல, அதுக்காக வரனைத் தட்டணும்னும் நான் சொல்லல, ஆனா அந்தக் கடன் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு பொண்ணு சம்மதிக்கணும்.

வெளிநாட்டு மாப்பிள்ளைன்னா "கட்டிக்கிட்டு ஆறே மாசத்துல கூட்டிட்டுப் போயிருவாரு"ங்கிற வார்த்தையை அப்படியே நம்பாதீங்க. பாஸ்போர்ட் ஜெராக்ஸ், விசா, சவுதின்னா இகாமா (அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான அட்டை), துபாய்னா எமிரேட்ஸ் ஐடி, சம்பளச் சீட்டு இவ்வளவும் கேளுங்க. உண்மையான ஆளு இதுக்குக் கோவப்பட மாட்டாரு. துபாய் பக்கம் மனைவியைக் கூப்பிட சம்பளம் மாசம் 4,000 திர்ஹாம் வேணும், இல்லேன்னா 3,000மும் தங்குற இடமும் வேணும். சவுதியில இகாமாவுல போட்டிருக்குற வேலைப் பேரைப் பொறுத்துதான் குடும்ப விசா, அது கிடைச்சாலும் கூட இருக்குற ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 400 ரியால் கட்டணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தா அவரால கூட்டிட்டுப் போக முடியுமா, இல்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல வந்து போறதுதான் வாழ்க்கையான்னு தெரிஞ்சிரும். ரெண்டாவதுதான்னா அதுலயும் நல்லா வாழ்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க, ஆனா தெரிஞ்சு ஒத்துக்கிட்டுப் போகணும்.

4. ரெண்டு பேரையும் தனியா பேச விடுங்க

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி, நம்ம பக்கம் அஞ்சு நிமிஷத்துல முடிச்சிர்றதும் இதைத்தான். கூடத்துல பெரியவங்க காபி குடிக்கிற நேரத்துல "ஏதாவது பேசணும்னா பேசிக்கங்க"ன்னு விட்டா அந்தப் பிள்ளைங்க என்ன பேசும். பெரியவங்க கண்ணு பாக்குற தூரத்துல இருந்தாலும் பரவாயில்ல, காது கேக்காத தூரத்துல ஒரு மணி நேரம் விடுங்க, முடிஞ்சா ரெண்டு மூணு தடவை. மாப்பிள்ளை வெளிநாட்டுல இருந்தா வீடியோ கால்ல பேசட்டும்.

என்ன பேசணும்னு தெரியாம முழிப்பாங்க, அதனால நான் தங்கச்சிக்கு எழுதிக் குடுத்த கேள்வியில சிலதை இங்க போடுறேன், மாப்பிள்ளைப் பையனும் இதையே கேக்கலாம்.

வீட்டுச் செலவுக் காசு யாரு கைக்கு வரும், அம்மா கைக்கா மனைவி கைக்கா? நீங்க கடல்ல இருக்கும்போது வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா உங்க அம்மாவைக் கேக்காம நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா? நான் வேலைக்குப் போனா, இல்ல கடல்பாசி எடுக்கப் போனா, சுயஉதவிக் குழுவுல சேந்தா உங்களுக்கு சம்மதமா? தங்கச்சி கல்யாணம், தம்பி படிப்புன்னு உங்க மேல இருக்குற பொறுப்பு இன்னும் எத்தனை வருஷம்? என் நகையை அடகு வைக்கணும்னு வந்தா என்கிட்ட கேப்பீங்களா? குழந்தை உடனே வேணுமா, கொஞ்ச நாள் கழிச்சா? கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க, பேசாம இருப்பீங்களா, சத்தம் போடுவீங்களா?

பதில் என்ன வருதுங்கிறதை விட எப்படி வருதுன்னு பாருங்க. "அதெல்லாம் அம்மாகிட்ட கேளு"ன்னு ஒவ்வொண்ணுக்கும் வந்தா யோசிக்கணும். "இதை நான் யோசிச்சதே இல்ல, யோசிச்சு சொல்றேன்"னு சொல்லி அடுத்த தடவை பேசும்போது ஞாபகமா சொன்னா அது நல்ல மனசு. கேள்வி கேட்டதுக்கே முகம் சுளிச்சா, இப்பவே இப்படின்னா பக்கத்துல இல்லாம போன்ல மட்டும் குடும்பம் நடத்துற காலத்துல எப்படின்னு நினைச்சுப் பாருங்க.

இருக்கப் போற வீட்டையும் இப்பவே பேசிருங்க. கீழக்கரை மாதிரி ஊர்கள்ல மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்குற வழக்கம் உண்டு, அங்க பொண்ணுக்கு வீடு குடுக்குறதா வாய் வார்த்தையா சொல்லுவாங்க. குடுக்குறதா இருந்தா பொண்ணு பேருலயே செட்டில்மென்ட் பத்திரம் போட்டுருங்க. குடும்பத்துக்குள்ள எழுதுற செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ரெண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த நேரத்துல செலவாத் தெரியும், அண்ணன் தம்பிக்குள்ள பின்னாடி சண்டை வராம அதுதான் காப்பாத்தும்.

5. ரத்தம் பாத்துருங்க

ஜாதகம் பாக்குறவங்க பாருங்க, கூடவே ரத்தமும் பாருங்க. எச்ஐவி டெஸ்ட்டை அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசமாப் பண்ணுவாங்க, முடிவை வெளிய சொல்ல மாட்டாங்க. அதோட மஞ்சள் காமாலை பி, சர்க்கரை, ரத்த வகை. சொந்தத்துல கட்டுறீங்கன்னா தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்த நோய்) டெஸ்ட்டை விட்டுறாதீங்க, ரெண்டு பேருமே அதைச் சுமக்குறவங்களா இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு கடுமையான நோயா வர்றதுக்கு, சுமக்குறவங்களைப் பாத்தா வெளிய ஒண்ணுமே தெரியாது. பொண்ணு நெகட்டிவ் ரத்தம், மாப்பிள்ளை பாசிட்டிவ்னா பயந்து வரனை நிறுத்த வேண்டாம், பிரசவ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லி வச்சா ஆன்டி-டி ஊசி போட்டுப் பாத்துக்குவாங்க, அவ்வளவுதான். ரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல எடுத்து ரிப்போர்ட்டை மாத்திக்கிட்டா யாருக்கும் சங்கடம் இருக்காது.

6. பணக் கணக்கு

வரதட்சணை கேக்குறதும் குத்தம், வாங்குறதும் குடுக்குறதும் குத்தம், 1961 சட்டப்படி வாங்கினாலும் குடுத்தாலும் 5 வருஷத்துக்குக் குறையாத ஜெயில், கேட்டாலே 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதைப் போடுங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்து வீட்டு மருமக கொண்டு வந்த பவுன் கணக்கைப் பேசினாங்கன்னா அதுவும் கேக்குறதுதான். தாங்க முடியாத அளவுக்குப் போனா எழுந்து வந்துருங்க.

பொண்ணுக்கு நீங்களா போடுற நகை பொண்ணோட சொத்து. ஒரு பவுன் 8 கிராம், விலையோட செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், இந்த மூணையும் கணக்குல சேக்காம பவுன் விலையை மட்டும் வச்சு பட்ஜெட் போட்டா கையைக் கடிக்கும். நகையில 916 முத்திரையும் ஆறு எழுத்து எச்யூஐடி நம்பரும் இருக்கான்னு பாருங்க, பில்லை பொண்ணு பேருல வாங்குங்க. ரெண்டு பக்கமும் குடுத்த சீர், பரிசு எல்லாத்தையும் ஒரு பட்டியலா எழுதி ரெண்டு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வச்சுக்கங்க. இதை நம்பிக்கை இல்லாததாப் பாக்காதீங்க, சட்டமே அப்படிப் பட்டியல் வைக்கச் சொல்லுது.

மொய்யை வரவுல எழுதாதீங்க. அது ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதை நம்பி மண்டபம் பெருசாப் பிடிச்சவங்க வட்டிக்கு நின்னதைப் பாத்திருக்கேன். மண்டபம் பேசும்போது வாடகையோட தண்ணி, கரண்ட், ஜெனரேட்டர் டீசல், பாத்திரம், துப்புரவு எல்லாம் உள்ளேயா வெளியேயான்னு கேட்டு ரசீதுல எழுதி வாங்குங்க. கரையோரம் தண்ணி உப்பு, சமையலுக்கு லாரித் தண்ணி வாங்க வேண்டி வரும், அதுவே ஒரு தொகை.

விதவைத் தாயோட பொண்ணா இருந்தா ஈவெரா மணியம்மையார் திட்டத்துல 25,000 ரூபாயும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் உண்டு, பட்டமோ டிப்ளமோவோ படிச்சிருந்தா 50,000. கலப்புத் திருமணத்துக்கும் விதவை மறுமணத்துக்கும் ஆதரவு இல்லாத பெண்களுக்கும் தனித்தனித் திட்டம் இருக்கு. விதவை மகள் திட்டத்துக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும், முடிஞ்ச பிறகு போய்க் கேட்டவங்க வெறுங்கையோட வந்தாங்க. தேதி குறிச்ச அன்னைக்கே இ-சேவை மையத்துலயோ மாவட்ட சமூக நல அலுவலகத்துலயோ விசாரிங்க.

7. தேதி

தடைக்காலத்துல ஆம்பளைங்க எல்லாம் கரையில இருப்பாங்க, ஆனா கையில காசு இருக்காது. அந்த ரெண்டு மாசத்துல வைக்கிறதா இருந்தா பணத்தை அதுக்கு முன்னாடியே ஒதுக்கி வைக்கணும். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்ல, சர்ச்சுல தவக்காலத்துலயும் திருவருகைக் காலத்துலயும் பொதுவா வைக்க மாட்டாங்க, நோன்பு மாசத்துலயும் நம்ம முஸ்லிம் வீடுகள்ல வைக்கிறது இல்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல். ராமேஸ்வரத்துல தை அமாவாசை, ஆடி அமாவாசை ஒட்டி வச்சீங்கன்னா வெளியூர்ச் சொந்தத்துக்கு ஒரு ரூம் கிடைக்காது.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு லீவு குறைச்சலா இருக்கும். வந்து இறங்கின வாரத்துலயே கல்யாணத்தை வைங்க, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க, ஏன்னா பதிவுக்கு ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும்.

8. கோயில், சர்ச், பள்ளிவாசல்

கோயில்ல வைக்கிறவங்க ரெண்டு பேரோட வயசுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, அதோட முதல் கல்யாணம்தான்னு விஏஓ தர்ற சான்று எடுத்து வைங்க. திருமணமாகாதவர் சான்றை இ-சேவையில விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய், விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) பாத்து வர்றதுக்கு நாள் ஆகும். சர்ச்சுல புதுசா எடுத்த ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணத் தயாரிப்பு வகுப்பு முடிச்ச சான்று வேணும், மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும், வேற பங்குன்னா அந்தப் பங்குச் சாமியார் கடிதமும் வேணும், அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போங்க. நிக்காஹ்னா மாப்பிள்ளை ஊர் ஜமாத்துல இருந்து ஆட்சேபனை இல்லன்னு கடிதம் வாங்கணும், மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்குற மணக்கொடை) எவ்வளவுன்னு முன்னாடியே பேசி தப்தர்ல (நிக்காஹ் பதிவேடு) தெளிவா எழுதச் சொல்லுங்க.

ரெண்டு பேரும் வேற வேற மதம், யாரும் மாற விருப்பம் இல்லன்னா 1954 தனித் திருமணச் சட்டம் இருக்கு. ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் இருந்திருக்கணும், நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருக்கணும், மூணு சாட்சி, நோட்டீஸ் குடுத்த மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும். நோட்டீஸை ஆபீஸ்ல ஒட்டுவாங்க, யாரு வேணா பாக்கலாம்ங்கிறதை மனசுல வச்சு தயாரா இருங்க.

9. பதிவு: இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க

தமிழ்நாட்டுல எந்த மதமா இருந்தாலும் 2009 சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு பண்ணணும். கல்யாணம் நடந்த நாள்ல இருந்து 90 நாள், விட்டுட்டா தாமதக் கட்டணத்தோட இன்னும் 60 நாள், மொத்தம் 150 நாள். அரசுக் கட்டணம் சின்னத் தொகைதான், ஆனா இடைத்தரகர் ஆயிரக்கணக்குல கேப்பாரு. பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல நீங்களே விண்ணப்பத்தை நிரப்பி பிரிண்ட் எடுத்துட்டு சார்பதிவாளர் ஆபீஸ் போகலாம். பத்திரிகை, கோயில் ரசீது இல்லேன்னா சர்ச் சான்று இல்லேன்னா நிக்காஹ் பதிவு, வயசுச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, சாட்சிங்க ஆதாரோட நேர்ல, நடத்தி வச்சவரோட விவரம், இவ்வளவும் வேணும். பத்திரிகை அடிக்கும்போதே பேரு ஆதார்ல இருக்குற மாதிரி இருக்கான்னு பாருங்க, வீட்டுல கூப்பிடுற பேரைப் போட்டு அடிச்சிட்டு பதிவு ஆபீஸ்ல முழிக்கிறவங்க நெறைய. சான்று கையில வாங்கின உடனே அங்கயே நின்னு ஒவ்வொரு எழுத்தையும் படிங்க.

10. அதுக்கு அப்பறம்

கல்யாணம் ஆனதும் பொண்ணு பேரை மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. அப்பா இனிஷியலே இருக்கட்டும், படிச்ச சர்டிபிகேட் எல்லாம் அதே பேருலதான இருக்கு. ரெண்டு வீட்டு ரேஷன் கார்டுலயும் பேரை நீக்கி புதுக் கார்டுக்கு விண்ணப்பிங்க, கடல் தொழில் வீடுன்னா இதை ரொம்பச் சீக்கிரம் பண்ணுங்க, தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ஒண்ணுதான். வெளிநாடு போறவங்களுக்கு பதிவுச் சான்றை வெளியுறவுத் துறை மூலமா உறுதிப்படுத்தணும், சவுதி, ஓமன், சிங்கப்பூருக்கு அப்போஸ்டில் (வெளியுறவுத் துறை போடுற சான்று முத்திரை) போதும், துபாய், குவைத்துக்கு அந்தந்த நாட்டுத் தூதரகத்துலயும் முத்திரை வாங்கணும்.

இன்னொண்ணு, கடலுக்குப் போறவரைக் கட்டின பொண்ணுங்களுக்கு. போட்டோட பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, நல வாரிய அட்டை, இன்சூரன்ஸ், அவரோட ஆதார், பேங்க் பாஸ்புக் இதெல்லாம் வீட்டுல எந்தப் பெட்டியில இருக்குன்னு முதல் மாசத்துலயே கேட்டு எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து தனியா வைங்க, நாமினி இடத்துல இன்னும் அம்மா பேரு இருந்தா பேசி உங்க பேரையும் சேக்கச் சொல்லுங்க. கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா, இல்ல இலங்கைப் பக்கம் பிடிச்சுட்டுப் போனாங்கன்னா, மீன்வளத்துறை ஆபீஸ்ல விடிஞ்சதும் கேக்குறது இந்தப் பேப்பரைத்தான், அப்ப மாமியார் அழுதுட்டு இருப்பாங்க, எடுத்துக் குடுக்க வேண்டியது நீங்கதான்.